செல்வராணி அவர்கள் போட்ட கையெழுத்து

செவ்வாய்க்கிழமை காலை, ஸ்ரீரங்கத்தில் எங்கள் ஸ்கேன் சென்டரின் ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்தபோது செல்வராணி அவர்களின் கணவர் போன் செய்தார். "ராணி போயிட்டா சார். நெஞ்சு வலிக்குதுன்னா, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். "எப்ப எடுக்கறீங்க?" என்று கேட்டேன். வாயில் அதுதான் வந்தது.

இரங்கல் கூட்டத்தில் படிக்க ஏதாவது எழுதுங்கள் என்று சென்டரின் உரிமையாளரான டாக்டர் என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "அந்த பேக்கப் விவகாரத்தை மட்டும் விட்டுடுங்க. பாவம், போனவங்க மேல எதுக்குக் குறை?" என்றார். அந்தக் குறை செல்வராணி அவர்களுடையது அல்ல. அதைச் சொல்வதற்காகத்தான் இந்தக் காகிதத்தோடு நிற்கிறேன்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செல்வராணி அவர்கள் எங்கள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டவர். வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருக்காது. பொன்மலையிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். வந்ததும் யாரோடும் பேச்சு வைத்துக்கொள்ளாமல் நேராக லினக்ஸ் மென்பொருளில் ஓடும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காருவார். ஸ்கேன் மெஷின் எடுக்கும் படங்களெல்லாம் அதில்தான் சேரும். வாரம் ஒருமுறை அவற்றின் நகல் தனி டிஸ்க் ஒன்றுக்குப் போகும். அதுதான் பேக்கப். நான் மேனேஜர். அவரைவிடப் பத்து வயது மூத்தவன். கம்ப்யூட்டர் நமக்கும் தெரியும் என்ற தலைக்கனம் வேறு.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம் அவர் ஒரு கோப்பை வேண்டுமென்றே அழிப்பார். பிறகு பேக்கப்பிலிருந்து அதைத் திரும்ப எடுப்பார். வந்துவிட்டால் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவார். முதல் தடவை அதைப் பார்த்தபோது, "என்னங்க இது, நல்லா இருக்கறதைப் போய் அழிக்கறீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் திரும்பக்கூட இல்லை. "எடுத்துப் பார்க்காம இது பேக்கப்னு எப்படி சார் நம்பறது?" என்றார்.

பிறகு தில்லைநகரில் கிளை திறந்தார்கள். அவரை அங்கே அனுப்பினார்கள். ஸ்ரீரங்கத்துக்கு வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். அந்தச் சமயத்தில் இங்கே கம்ப்யூட்டரை மாற்றினோம். விற்றவரே பழைய படங்களைப் புதியதில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, பழைய கம்ப்யூட்டரை எடுத்துப் போனார். பேக்கப் மென்பொருள் எல்லார் கோப்புகளையும் எடுக்கும்படி நிறுவ நிர்வாகி பாஸ்வேர்ட் வேண்டும். அது செல்வராணி அவர்களிடம் இருந்தது. ஒரு போன் போட்டால் முடிகிற வேலை. எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பழைய பேக்கப் டிஸ்கில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, மென்பொருள் என் பெயரில் ஓடும்படி நானே அமைத்தேன்.

படங்கள் இருந்த கோப்புறை ஸ்கேன் மெஷினுக்கென்று இருந்த தனிப் பயனர் கணக்குக்குச் சொந்தம். அதைத் திறந்து படிக்க என் பெயருக்கு அனுமதி கிடையாது. மென்பொருள் என்ன செய்யும்? எனக்குரியதை மட்டும் நகலெடுத்துவிட்டு, மற்றதை விட்டுவிட்டது. 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வாராவாரம் எனக்கு மெயில் அனுப்பியது. நான் மெயிலை நிறுத்தினேன். அதற்குப் பிறகு திரையில் பச்சை டிக் மட்டும் வந்தது. அப்பாடா என்றிருந்தது.

முதல் சனிக்கிழமைச் சோதனையையும் நானே செய்தேன். என் லீவ் லெட்டர் ஒன்றை அழித்தேன், எடுத்தேன், வந்தது. நோட்டில் எழுதி, செல்வராணி அவர்களின் கையெழுத்துக்கு இடம் விட்டேன். அந்த வாரம் வந்த செல்வராணி அவர்கள், "நானும் ஒரு தடவை பார்த்துடட்டுமா சார்?" என்று கேட்டார். "ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?" என்றேன். "ஐயோ, அப்படிச் சொல்லலைங்க" என்று கையெழுத்துப் போட்டார். இப்படி ஐந்து மாதம் ஓடியது.

அப்புறம் கம்ப்யூட்டரின் டிஸ்க் செத்தது. சரியாக அந்த வாரம்தான் மண்ணச்சநல்லூர் ரைஸ் மில்லில் மூட்டை தூக்கும் முருகேசன் என்பவருக்குப் பழைய படம் தேவைப்பட்டது. இரண்டு வருஷம் முன்பு அவர் நுரையீரலில் ஒரு சிறு கட்டி தெரிந்திருந்தது. அது வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். வளரவில்லையென்றால் ஆபரேஷன் வேண்டாம். செல்வராணி அவர்கள் பேக்கப்பைத் திறந்தார். படங்கள் ஒன்றுகூட இல்லை. என் லீவ் லெட்டர்கள் மட்டும் பத்திரமாக இருந்தன. கூடவே மென்பொருளின் பதிவேடும் இருந்தது. வரிக்கு வரி 'அனுமதி மறுக்கப்பட்டது' என்றிருந்தது. மேலே என் பயனர் பெயர். படித்துவிட்டு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

டாக்டர் நோட்டை எடுத்து வந்து வரவேற்பறையில், அத்தனை நோயாளிகள் முன்னால், "கையெழுத்து யாருது? கண்ணை மூடிக்கிட்டுப் போட்டீங்களா?" என்று கேட்டார். "என்னுதுதான் சார். நான் பார்த்திருக்கணும்" என்றார் அவர். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? தில்லைநகர் கிளையின் பொறுப்பை அவருக்குத் தருவதாக இருந்தார்கள். அது வேறொருவருக்குப் போயிற்று.

மறுநாள் செல்வராணி அவர்கள் பஸ் ஏறி மண்ணச்சநல்லூர் போனார். முருகேசனின் மனைவி பழைய ஸ்கேன் பிலிமை பீரோவுக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார். வாங்கி வந்து ஒப்பிட்டார்கள். கட்டி வளரவில்லை. முருகேசன் மறுபடி மில்லுக்குப் போனார்.

பேக்கப்பை அவர் புதிதாக அமைத்தார். படங்களைப் படிக்க மட்டும் அனுமதியுள்ள தனிப் பயனர் ஒன்றை அதற்கென்று உருவாக்கினார். அப்போதுதான் என்னிடம் பேசினார். "உங்க ஃபைலை நீங்களே அழிச்சு எடுத்தா வராம எங்க சார் போகும்? மெஷினோட ஃபைலை எடுத்துப் பார்த்திருக்கணும்."

"டாக்டர்கிட்ட நான் சொல்லிடறேங்க" என்றேன். வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"சொல்லுங்க சார்" என்றார்.

அன்றைக்குச் சொல்லவில்லை. டாக்டர் கோபமாக இருந்தார். அடுத்த வாரம் அவர் ஊரில் இல்லை. பிறகு காரணமே தேவைப்படவில்லை. செல்வராணி அவர்கள் மறுபடி அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. இரண்டு வருஷம், இங்கே வந்த நாளெல்லாம் காலையில் "வணக்கம் சார்" என்றார். நானும் வணக்கம் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது.

டாக்டர், தவறு என்னுடையது. முன்வரிசையில் இருக்கும் அவருடைய கணவருக்கும் மகளுக்கும் இதையே சொல்கிறேன்.

டாக்டர், நேற்று நீங்கள் அவருடைய பயனர் கணக்கை நீக்கச் சொன்னீர்கள். லினக்ஸில் கணக்கை நீக்கினாலும் அவர் உருவாக்கிய கோப்புகள் இருக்கும். உருவாக்கியவர் பெயர் இருந்த இடத்தில் மட்டும் வெறும் எண் வந்து நிற்கும். நான் நீக்கவில்லை. யாரும் உள்ளே நுழைய முடியாதபடி கணக்கைப் பூட்டிவிட்டு, கோப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். வரிசையாக, ஒவ்வொரு கோப்புக்கும் நேராக, செல்வராணி, செல்வராணி என்று இருந்தது.

செல்வராணி அம்மா, சொல்லிவிட்டேன். நீங்கள் இருக்கும்போது சொல்லியிருக்க வேண்டும். போய் வாருங்கள்.