அங்கே பிடித்த கால் பங்கு

ஆடிட்டரே, என் தங்கச்சியைத் திருடி என்று ஊர் பேசியதற்குக் காரணம் நீங்கள்தான். வரி ஆபீஸ்காரர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் கேள்வி கேட்டார்கள், அது அவர்கள் வேலை. அவளைத் திருடி ஆக்கியது நீங்கள்.

வயதுக்கு மரியாதை கொடுத்து 'நீங்கள்' என்று எழுதுகிறேன். உங்கள் பெயரை எழுதவில்லை. ஆம்பூரில் தோல் தொழிலில் இருக்கிறவர்களுக்குப் பெயர் தேவைப்படாது.

நான் தையல் மெஷின் மெக்கானிக். ஷூவின் மேல்பாகம் தைக்கிற மெஷின் நின்றுவிட்டால் கம்பெனிகளில் என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கு அலங்காரமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் தங்கச்சி, ஒரு அமெரிக்க ஷூ கம்பெனி இங்கே சரக்கு வாங்குவதற்காக வைத்திருந்த பையிங் ஆபீஸில் இன்ஸ்பெக்டராக இருந்தாள். இங்கே தைக்கிற ஷூக்கள் கப்பல் ஏறுவதற்கு முன்னால் அவள் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது அவள் விஷயம். அப்பா அம்மா போன பிறகு என் வீட்டு மாடியில்தான் இருந்தாள்.

அவள் ஷூ பார்ப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். முனையைக் கட்டைவிரலால் அழுத்துவாள். அடியை வளைப்பாள். பிறகு ஷூவுக்குள் மூக்கை விட்டு மோந்து பார்ப்பாள். பசை சரியாகக் காயாமல் ஒட்டியிருந்தால் வாசனையிலேயே தெரிந்துவிடும் என்பாள். இன்ஸ்பெக்‌ஷன் நாளில் இன்ஸ்பெக்டருக்குக் கம்பெனி பிரியாணி வாங்கிக் கொடுப்பது இங்கே வழக்கம். இவள் டிபன் பாக்ஸில் தயிர்சாதம் கொண்டுபோய் வாட்ச்மேன் அறையில் உட்கார்ந்து சாப்பிடுவாள். தீபாவளிக்கு வந்த ஸ்வீட் பாக்ஸை வந்த ஆட்டோவிலேயே திருப்பி அனுப்புவாள். முதலாளிகளுக்கு அவள் பெரிய பேஜார். ஆனால் அவள் சரி என்று சொன்ன சரக்கை அமெரிக்காவில் யாரும் மறுபடி பிரித்துப் பார்த்ததில்லை.

அந்தக் கம்பெனி அவளுக்குத் தன் ஷேர்களில் கொஞ்சம் கொடுத்தது. இத்தனை வருஷம் வேலை செய்தவர்களுக்கு என்று ஒரு திட்டம். அவளுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம்.

"நான் பாத்து அனுப்புன ஷூவ அங்க எவனோ போட்டுகினு நடக்கறான்ணா. அதுல எனக்கும் பங்கு இருக்கு" என்றாள்.

"உனக்கு எந்தக் காலுல பங்கு?" என்று கேட்டேன்.

"போணா" என்று சிரித்தாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை டிவிடெண்ட் வரும். வரும்போதே அமெரிக்காவில் அதில் கால் பங்கை வரியாகப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார்கள். எவ்வளவு வந்தது, எவ்வளவு பிடித்தது என்று ஒரு தாளும் அனுப்புவார்கள். அவள் அதைப் பிரிண்ட் எடுத்து உங்களிடம் கொண்டு வந்தாள். என் வண்டியில்தான் வந்தோம். உங்கள் ஆபீஸில் ஏசிக்குக் கீழே இருந்த நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். அவள் அந்தத் தாளை உங்கள் மேசையில் வைத்தாள். உங்கள் டீ கிளாஸை நகர்த்திவிட்டு வைத்தாள்.

"சார், இது பூரா அமெரிக்காலேர்ந்து வந்தது. இதுல அங்கயே வரி புடிச்சிருக்காங்க. இத இங்க எப்டி காட்டணும் சார்?"

நீங்கள் தாளைத் தூக்கிப் பார்த்தீர்கள். கண்ணாடியைக்கூடப் போடவில்லை.

"பாரின்காரன் புடிச்சது போனதுதாம்மா. கையில இன்னா வந்துச்சோ அத காட்டு, போதும்."

"இல்ல சார், இது வரி. ஷூ சரியில்லன்னு புடிக்கிற மாதிரி இல்ல."

"யம்மா, நீ ரிப்போர்ட் எழுதி எங்க பார்ட்டிங்களுக்கு எவ்ளோ புடிக்க வச்சிருக்க? அதுல ஒரு ரூபா யாராவது திருப்பிக் குடுத்தானா?" என்று சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தீர்கள்.

இந்தத் தப்பை ஆம்பூரில்தான் செய்ய முடியும். இங்கே ஷூ அனுப்புகிற ஒவ்வொரு கம்பெனிக்கும் அது பழக்கம். சாயம் மங்கல், தையல் கோணல், கப்பல் லேட் என்று வாங்குகிறவன் ஏதாவது ஒன்றைச் சொல்லிக் காசைப் பிடித்துக்கொள்வான். யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. வந்ததை வரவு வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். நீங்கள் ஆயுசு முழுக்க அந்தக் கணக்குகளையே எழுதினீர்கள். அதனால் வெளிநாட்டிலிருந்து எது குறைந்து வந்தாலும் அது போனது என்று முடிவு கட்டிவிட்டீர்கள். அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

அவளும் சரி என்று விட்டுவிட்டாள். பெரிய ஆடிட்டர், பாதி ஊருக்கு நீங்கள்தான் கணக்கு. தாளை உங்கள் மேசையிலேயே விட்டுவிட்டு வந்தோம். ஒவ்வொரு வருஷமும் அப்படியே நடந்தது.

பிறகு அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தோம். அந்தச் சமயத்தில்தான் வரி ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தது. அமெரிக்காவில் யாருக்கு என்ன டிவிடெண்ட் போகிறது என்ற விவரம் அங்கிருந்து இங்கே வந்துவிடுகிறதாம். முழு டிவிடெண்ட் இவ்வளவு, நீ காட்டியது குறைவு, வெளிநாட்டு ஷேரைக் காட்டவே இல்லை, ஏன் மறைத்தாய் என்று கேட்டிருந்தார்கள்.

அவள் அதைக் கட்டிலில் உட்கார்ந்து படித்தாள். தலையில் முடி இல்லை, ஸ்கார்ஃப் கட்டியிருந்தாள்.

"மறைச்சேன்னு போட்டிருக்குதுணா" என்றாள்.

உங்களிடம் வந்தோம். படி ஏற முடியாமல் நடுவில் நின்று மூச்சு வாங்கினாள். நோட்டீஸைப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

"இன்னாம்மா நீ, பாரின் ஷேருன்னு எங்கிட்ட சொல்லவே இல்லயே?"

அவள் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். கம்பெனிகளில் முதலாளிகளையே நிற்க வைத்துக் கேள்வி கேட்டவள். "போலாம்ணா" என்றாள். படி இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டாள். கை லேசாக இருந்தது. அவ்வளவு லேசாக ஒரு கை இருக்கக் கூடாது.

வேலூரில் ஒரு ஆடிட்டர் அம்மாவைப் பிடித்தோம். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளிலேயே அவரிடமும் போவோம். அவர்தான் எங்களுக்கு விளக்கிச் சொன்னார். முழு டிவிடெண்டையும் இங்கே காட்ட வேண்டும். அதற்கு இங்கே என்ன வரியோ அதைப் போட வேண்டும். அமெரிக்காவில் கட்டியதை அதில் கழித்துக்கொள்ளலாம். ஒரே காசுக்கு இரண்டு நாட்டிலும் வரி கட்ட வேண்டாம் என்று இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. கழிப்பதற்கு என்று தனியாக ஒரு படிவம் உண்டு. அதை நேரத்தில் போட வேண்டும். நீங்கள் போடவில்லை.

அந்த அம்மா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க தங்கச்சி வரிய ஏமாத்தலீங்க. கட்ட வேண்டியதவிட ஜாஸ்தியா கட்டியிருக்காங்க. அங்கயும் கட்டி, கையில வந்ததுக்கு இங்கயும் கட்டியிருக்காங்க. மறைக்கிறவங்க யாராவது ஜாஸ்தியா கட்டுவாங்களா?"

என் தங்கச்சி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஊசிக்கும் அழாதவள்.

லேட்டாகத்தான், ஆனாலும் அந்தப் படிவத்தைப் போட்டோம். முழு டிவிடெண்டையும் காட்டினோம். முழுசுக்கும் வரி போட்டார்கள். அங்கே கட்டியதைக் கழிக்க மாட்டோம், படிவம் காலம் கடந்து வந்தது என்று எழுதிவிட்டார்கள். அபராதத்துக்கும் தனியாக நோட்டீஸ் வந்தது. அந்த ஆடிட்டர் அம்மா இதை எதிர்த்து அப்பீல் போட்டார்.

"காசு போனா போவுது. நான் மறைக்கலன்னு மட்டும் வாங்கிக் குடுணா" என்றாள்.

அவள் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். மருந்து கேட்கவில்லை, சாமிக்கு வேண்டிக்கொள்ளச் சொல்லவில்லை.

இதற்கு நடுவில்தான் அந்தக் கல்யாணம். நான் மெஷின் பார்க்கிற ஒரு கம்பெனியின் முதலாளி பாய் வீட்டுக் கல்யாணம். நீங்களும் வந்திருந்தீர்கள். நீள மேசையில் முதலாளிகளோடு உட்கார்ந்திருந்தீர்கள். அதே மேசையின் கடைசியில் நான் இருந்ததை நீங்கள் பார்க்கவில்லை. பிரியாணி வந்தது, கத்தரிக்காய் வந்தது. தயிர் வெங்காயத்துக்குக் கை நீட்டிக்கொண்டே பேசினீர்கள்.

"ஒரு நூலு பிரிஞ்சிருந்தா மொத்த சரக்கையும் ரிஜெக்ட் பண்ணுமே அந்தம்மா, ஞாபகம் இருக்கா? அமெரிக்கால காச வச்சிகினு இங்க காட்டாம உட்டுட்சி. இப்ப இன்கம்டாக்ஸ்காரன் அத ரிஜெக்ட் பண்ணிட்டான்."

மேசை முழுக்கச் சிரித்தது. அவள் ரிஜெக்ட் செய்த சரக்கைத் திரும்ப எடுத்துக்கொண்ட ஒருவர், "அதான் நம்ம ஸ்வீட் பாக்ஸ வாங்கலபோல. அங்கேர்ந்து ஜாஸ்தியா வந்திருக்கு" என்றார். அதற்கும் சிரித்தார்கள்.

நான் எழுந்தேன். "சார், அந்தப் பேப்பர அவ உங்க டேபிள்ல வச்சத நான் பாத்தேன்" என்றேன்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். முகம் ஒரு நொடி மாறியது, அவ்வளவுதான். "சாப்புட்ற எடத்துல இன்னா பேச்சு தம்பி இது? உக்காரு. அப்புறம் ஆபீசுக்கு வா" என்றீர்கள். பேச்சை ஆரம்பித்தவர் நீங்கள், சாப்பிடுகிற இடத்தைக் கெடுத்தவன் நான். பாய் வந்து என் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப்போனார். "உடு தோஸ்த், இன்னிக்கி வேணாம்" என்றார். அவர் வீட்டு விசேஷம். கிளம்பி வந்துவிட்டேன்.

வீட்டில் அவள் முழித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"பிரியாணி எப்டி இருந்துச்சி?"

"நல்லா இருந்துச்சி."

"பொய் சொல்றியா? உன் கையில வாசனையே இல்ல."

மருந்தால் நாக்கில் ருசி போய்விட்டது, மூக்கு போகவில்லை. சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது என்று என் மனைவி இன்றும் திட்டுகிறாள். அவளிடம் எதையும் மறைக்க எனக்குத் தெரியாது.

அவள் கோபப்படவில்லை. "எந்தெந்த கம்பெனிகாரங்க இருந்தாங்க?" என்று கேட்டாள். சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் கண்ணை மூடித் திறந்தாள். "எல்லாரும் நான் திருப்பி அனுப்புனவங்கதான்" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளைப் பார்க்கக் கம்பெனி ஆட்கள் வந்தால் தூங்குவதாகச் சொல்லச் சொன்னாள். தூங்கவில்லை. கதவுக்குப் பின்னால் அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். வேலைக்குப் போன அத்தனை வருஷமும் தலை நிமிர்ந்து அந்தக் கம்பெனி வாசல்களில் நுழைந்தவள், கடைசி மாதங்களில் அந்த ஆட்களின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டாள்.

நோட்டீஸால் அவள் செத்தாள் என்று நான் எழுத மாட்டேன். கேன்சரால் செத்தாள். பொய் சொல்லி உங்களை மாட்டிவிட எனக்குத் தேவை இல்லை. ஆனால் வெட்கத்தோடு செத்தாள். அதைக் கேன்சர் கொடுக்கவில்லை.

செத்த பிறகும் வழக்கு இருந்தது. அப்பீலை நான் நடத்த வேண்டும் என்றால் வரி இணையதளத்தில் அவளுடைய வாரிசாக என்னைப் பதிய வேண்டும். அவள் செத்ததற்கு ஒரு சான்று, நான் அண்ணன் என்பதற்கு ஒரு சான்று. எல்லாம் ஏற்றினோம். அவள் கணக்கைத் திறந்தால் அவள் பெயரைப் போட்டு நல்வரவு என்று வந்தது. வேலூர் அம்மா சட்டென்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். நான் பார்த்துவிட்டேன்.

அப்பீலில் ஜெயித்தோம். அமெரிக்காவில் வரி கட்டியது உண்மை, படிவம் லேட் என்பதற்காக மட்டும் அதைக் கழிக்காமல் விடக் கூடாது என்று உத்தரவு. அபராதத்தையும் விட்டுவிட்டார்கள். உத்தரவை நான் மறுபடி மறுபடி படித்தேன். ஒப்பந்தம் இருக்கிறது, சட்டப் பிரிவு இருக்கிறது. அவள் மறைக்கவில்லை என்று ஒரு வரி இல்லை. அவள் கேட்டது அந்த ஒரு வரி.

அதைக் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் ஆபீஸுக்கு வந்தேன்.

"வந்துட்சில்ல? அப்புறம் இன்னா? உடு தம்பி. போனவங்கள பத்தி எதுக்கு இப்ப?"

"மண்டபத்துல சொன்னத மண்டபத்துல இருந்தவங்ககிட்டயே தப்புன்னு சொல்லுங்க சார். அது போதும்."

"ஏதோ தமாஷுக்கு சொன்னது. அதப்போய் யாரு ஞாபகம் வச்சிருக்காங்க?"

யார் என்று நான் சொல்கிறேன். போன மாதம் ஒரு கம்பெனியில் மெஷினுக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் பெண் ஸ்வீட் பாக்ஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சூப்பர்வைசர் பக்கத்தில் இருந்தவனிடம், "இதுக்கும் அமெரிக்கால இருக்குதோ இன்னாவோ, அந்தம்மாக்கு இருந்த மாதிரி" என்றான். அவன் அந்தக் கல்யாணத்துக்கே வரவில்லை. என் தங்கச்சியை அவன் பார்த்ததுகூட இல்லை. உங்கள் தமாஷ் அவன் வரைக்கும் வந்திருக்கிறது. இனி இந்த ஊரில் நேர்மையாக இருக்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் அவளை உதாரணம் காட்டுவார்கள். மெஷினுக்கு அடியிலிருந்து நான் எழுந்து வரக் கொஞ்ச நேரம் ஆனது.

உங்கள் பணம் எனக்கு வேண்டாம். உங்கள் ஆபீஸுக்கு இனி வர மாட்டேன், நாலு சுவருக்குள் நீங்கள் கேட்கிற மன்னிப்பும் வேண்டாம். தோல் வியாபாரிகள் கூட்டத்தில் வருஷா வருஷம் நீங்கள்தான் மைக் பிடித்து வரியைப் பற்றிப் பேசுகிறீர்கள். அன்று மேசையில் சிரித்தவர்கள் எல்லாரும் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த வருஷம் அந்த மைக்கில் அவர்களுக்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். நானும் வந்து முன் வரிசையில் உட்காருவேன்.

அமெரிக்காவில் வரி பிடித்த அந்தத் தாளை, உங்கள் டீ கிளாஸை நகர்த்திவிட்டு, என் தங்கச்சி உங்கள் மேசையில் வைத்தாளா, இல்லையா?

சொல்லுங்கள்.