நாய்க்கு நகம் வெட்டிய கார்டு

வெர்னா ஹூடக் முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் பிள்ளைகளுக்குத் தட்டில் சாப்பாடு போட்டவள். யாரிடமும் பல்லைக் காட்டிக் கெஞ்சியதில்லை. பென்சில்வேனியாவின் மேற்கில், ஆலைகள் மூடிய அந்த ஊரில், அதுவே பெரிய சொத்து.

அவளிடம் ஒரு மருத்துவக் கடன் கார்டு இருந்தது. எட்டு வருடத்துக்கு முன்பு அவள் நாய் டஃபி சோளக்கதிரின் கட்டையை விழுங்கித் தொலைத்தபோது, அறுவைச் சிகிச்சைக்காக வாங்கியது. ஒரு தவணைகூடத் தவறாமல் அடைத்தாள். அதன்பின் கார்டு சும்மா கிடந்தது. நெடுநாள் தொடாமல் விட்டால் கம்பெனி மூடிவிடும் என்று கூட வேலை பார்த்த ஒருத்தி சொன்னாள். மளிகைக்கடையில் தேய்க்கலாம் என்றால் அந்தக் கார்டு அங்கே செல்லாது. டாக்டர், பல் டாக்டர், கால்நடை டாக்டர், அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு ஏப்ரலிலும் டஃபியைக் கூட்டிப்போய் நகம் வெட்டி, பதினெட்டு டாலரைக் கார்டில் தேய்ப்பாள். அவசரத்துக்கு ஒரு கதவு திறந்திருக்க வேண்டும், அதற்காக.

போன குளிர்காலத்தில் டஃபி செத்துப்போனது. கார்டு சாகக்கூடாதே. ஏப்ரலில் பக்கத்து வீட்டு ரேயிடம் போய் நின்றாள்.

"உங்க நாய ஒரு மணி நேரம் குடுங்க. நகம் வெட்டிக் கூட்டிட்டு வந்துர்றேன்."

"கடிக்கும்."

"கடிக்கட்டும். கார்டு உயிரோட இருக்கணும்."

ரே சிரித்துக்கொண்டே கயிற்றைக் கொடுத்தார். நாய் கடிக்கவும் செய்தது. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வெர்னா கார்டை நீட்டியபோது, கால்நடை டாக்டரின் கல்லாவில் இருந்த கேலின் என்ற பெண் அதைத் தள்ளிவிட்டாள்.

"டஃபி போனதுக்கு எங்களால வேற என்ன செய்ய முடியும், மிஸஸ் ஹூடக்? இது எங்க செலவு. உள்ள வைங்க."

"இல்லம்மா, நீ தேய்ச்சிரு."

"அட, உள்ள வைங்கன்னா."

பின்னால் நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். அந்த ஊரில் ஒருவர் அன்பாகக் கொடுப்பதை வேண்டாம் என்றால், முகத்தில் அறைந்த மாதிரி. விஷயத்தை விளக்கினாலோ, கடனுக்கு அலைகிறவள் என்று ஆகிவிடும். வெர்னா நன்றி சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் ஒரு கேக் சுட்டுக் கொண்டுபோயும் கொடுத்தாள். கண் டாக்டரிடம் போகும்போது தேய்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தவள், போகவே இல்லை. இந்தப் பாழாய்ப்போன மரியாதை எத்தனை பேரைக் கவிழ்த்திருக்கிறது!

அக்டோபரில் மேல் முன்பல்லின் வேரில் சீழ் கட்டி உதடு வீங்கியது. பல்லைக் காப்பாற்றலாம், வேர்ச் சிகிச்சை செய்து மூடி போட வேண்டும், ஆனால் பணம் முதலில், என்றார் பல் டாக்டர். வெர்னா கம்பீரமாகக் கார்டை எடுத்துக் கொடுத்தாள். அது செல்லவில்லை.

கம்பெனிக்குப் போன் செய்தாள்.

"ரொம்ப நாளா பயன்படுத்தல மேடம். உங்க பாதுகாப்புக்காகக் கணக்க மூடிட்டோம்."

"யார்கிட்டருந்து பாதுகாப்பு? என்கிட்டருந்தா?"

"புதுசா விண்ணப்பிக்கலாம் மேடம்."

விண்ணப்பித்தாள். பள்ளியில் வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டதால் வருமானம் போதாது என்று பதில் வந்தது. கடன் வேண்டாதபோது கார்டு, வேண்டும்போது கதவடைப்பு. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம், அந்தக் கதைதான் இவர்களுடைய பாதுகாப்பு. எட்டு வருடம் ஒழுங்காக இருந்தவளுக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. போட்டதாகக் கம்பெனி சொல்லிற்று. ஏதோ மின்னஞ்சலாம். வெர்னா மின்னஞ்சல் பார்ப்பவளா? அன்று மாலை வேலியோரம் நின்று ரேயிடம் எல்லாவற்றையும் புலம்பித் தீர்த்தாள்.

மூன்று நாளாகியும் கோபம் அடங்காமல் நேரே கால்நடை டாக்டர் கடைக்குப் போனாள், கேலினை நாலு கேள்வி கேட்க. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி ஜாடி. அதில் கசங்கிய நோட்டுகள். ஜாடியின் மேல் வெர்னாவின் படம், தேவாலயத்து மீன் விருந்தில் எடுத்தது, வாய் நிறையச் சிரிப்பு. 'நம்ம வெர்னாவின் பல்லுக்கு உதவுங்கள்' என்று கீழே எழுதியிருந்தது.

"யாரு இதச் செய்யச் சொன்னது?"

"ரே சொன்னாரு, உங்க கார்டு..." கேலின் முகம் வெளுத்தது. "என்னாலதான ஆச்சு. உதவலாம்னுதான், மிஸஸ் ஹூடக்."

"கம்பெனிக்காரன் என் நல்லதுக்குன்னு மூடினான். நீ என் நல்லதுக்குன்னு காசு வாங்கல. இப்ப என் நல்லதுக்குன்னு என் மூஞ்சியப் பிச்சைக்கு வச்சிருக்க. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு ஒருத்தருக்காவது தோணுச்சா?"

பூனைக்கூண்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். கேலின் அழுதாள். அவள் அழுகை வெர்னாவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. படத்தைக் கிழித்துக் கைப்பைக்குள் திணித்தாள். வாசல்வரை போனாள். உதடு விண்விண்ணென்று தெறித்தது. திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், ஜாடியையும் எடுத்துக்கொண்டாள்.

அதில் இருந்த பணம் பல்லைப் பிடுங்குவதற்குத்தான் போதுமானதாக இருந்தது.