அவள் நம்பர்

கள்ளக்குறிச்சியில் நானும் என் மனைவியும் சாமை முறுக்கு சுட்டு விற்றோம். விளம்பரத்துக்கு இன்ஸ்டாகிராம்தான் சரி என்று நான் அடம்பிடித்தேன். வெள்ளிமலைக்குப் போய், சாமைக் கொல்லையில் நின்று ரீல்ஸ் எடுத்துப் போட்டேன். அவளோ வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை விடவில்லை. வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "என் நம்பர சேவ் பண்ணிக்கோங்க, அப்பதான் ஸ்டேட்டஸ் தெரியும்" என்பாள்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னா இது, போறவங்க வர்றவங்ககிட்டல்லாம் கெஞ்சிக்கினு?" என்று வாடிக்கையாளர் எதிரிலேயே கத்திவிட்டேன். அவள் பாட்டுக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். செய்தியை இரண்டிலும் போட்டேன். இன்ஸ்டாகிராமில் முகம் தெரியாதவர்கள் அழும் பொம்மை போட்டார்கள். அவள் போனில் ஸ்டேட்டஸ் வைத்த கொஞ்ச நேரத்தில் எங்கள் தெருவில் நிற்க இடமில்லை. வெள்ளிமலையிலிருந்துகூட ஜீப் பிடித்து வந்தார்கள்.

அடக்கம் முடிந்ததும் அவர்களில் ஒரு பெண் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். "அக்கா நம்பர் மட்டும் கட் ஆவாம பாத்துக்கோங்க. காலைல எழுந்ததும் அவங்க ஸ்டேட்டஸத்தான் மொதல்ல பாப்பேன்."

அந்த நம்பருக்கு இன்றுவரை ரீசார்ஜ் செய்கிறேன். தினமும் காலையில் முறுக்குப் படம் ஒன்று வைக்கிறேன். அடக்கத்துக்கு வந்து மண் போட்டவர்களும், "அக்கா, ரெண்டு பாக்கெட் எடுத்து வைங்க" என்றுதான் எழுதுகிறார்கள். நான் திருத்துவதில்லை. "சரி கண்ணு" என்று அவள் போடுகிற மாதிரியே பதில் போடுகிறேன்.