சீட்டைப் பார்க்கும் முன் போட்ட கையெழுத்து

எங்கள் மருத்துவமனையில் அறுவைக் கருவிகளை நீராவியில் வேகவைத்துக் கிருமி நீக்கும் அறை, தரைத்தளத்தின் கடைசியில், சலவைக்கூடத்தை ஒட்டி இருந்தது. அங்கே இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவரை எல்லோரும் ஆவியக்கா என்றே அழைத்தோம். "ஆவியக்கா மேல வர்றாங்களாம்" என்று நர்ஸ்கள் பேசுவதைக் கேட்டுப் புது நோயாளிகள் பதறியதுண்டு. பிறகு, குள்ளமான ஒரு பெண்மணி வியர்த்து வழிய டிரம்மைத் தள்ளிக்கொண்டு லிஃப்டிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டுச் சிரித்ததும் உண்டு.

நான் அதே கட்டடத்தில் பதிவேட்டு அறையில் இருந்தேன். அவருடைய ஏடுகள் நிரம்பியதும் என்னிடம்தான் வரும். இங்கே நான் தரும் நேரமும் கிழமையும் ஏட்டில் உள்ளவை. பேச்சுகள் அவரவர் என்னிடம் சொன்னவை.

அவருடைய வேலை இதுதான். கருவிகளையும் துணிகளையும் எஃகு டிரம்மில் அடுக்கி இயந்திரத்துக்குள் வைத்து மூடுவார். கூடவே ஒரு காகித உறையில் சோதனைச் சீட்டு ஒன்றையும் வைப்பார். சீட்டில் வெளிர்மஞ்சள் கோடுகள் இருக்கும். போதிய சூடு போதிய நேரம் நின்றால் மட்டுமே அவை கறுக்கும். இயந்திரம் ஓய்ந்ததும் உறையைப் பிரித்துப் பார்த்து, சீட்டை ஏட்டில் ஒட்டி, பக்கத்துக் கட்டத்தில் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகே டிரம் மாடிக்குப் போகலாம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஏழு ஆண்டுகளில் ஒரு சீட்டுகூட மஞ்சளாக வந்ததில்லை. அதனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. இயந்திரம் ஓடும்போதே கையெழுத்தைப் போட்டுவிடுவார். சீட்டைச் சாவகாசமாகப் பிரித்து ஒட்டுவார். மாடியிலிருந்து போன் மேல் போன் வந்துகொண்டிருக்கும் அறையில், இதில் மிச்சமான ஒரு நிமிடமும் பெரிதாகத்தான் தெரிந்திருக்கும்.

எட்டாம் ஆண்டில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை 8.40க்கு முதல் டிரம் மேலே போயிற்று. அறுவை அரங்கின் நர்ஸ், டிரம்மோடு வந்த ஏட்டில் கையெழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, தானும் ஒன்று போட்டு வாங்கிக்கொண்டார். அந்த நர்ஸ் ஆவியக்காவின் நாத்தனார். இரண்டாவது டிரம்மையும் வேகவைத்து எடுத்த பிறகு, 9.50க்கு ஆவியக்கா இரண்டு உறைகளையும் பிரித்தார். இரண்டாவது சீட்டு கறுத்திருந்தது. முதல் சீட்டின் கோடுகள் மஞ்சளாகவே இருந்தன. முதல் முறை உள்ளே காற்று தங்கிவிட்டதால் அழுத்தமானியின் முள் ஏறியிருக்கிறது, சூடு ஏறவில்லை என்று பின்னால் விசாரணையில் தெரிந்தது.

அவர் லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. மூன்று மாடியும் படியேறி, அரங்கின் வாசலில் நாத்தனாரிடம் சீட்டைக் காட்டினார். உள்ளே பஸ் டிரைவர் ஒருவருக்குக் குடலிறக்க அறுவை முடிந்து தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, மெதுவாப் பேசுங்க. ரெண்டாவது சீட்டு கறுப்பா வந்துச்சா?"

"வந்துச்சு."

"அதுல ஒரு துண்டு வெட்டி இதுக்கும் ஒட்டிடுங்க. இதக் கிழிச்சுப் போடுங்க. வேலை போச்சுன்னா அண்ணன் மூஞ்சில எப்படி முழிப்பீங்க? ஜெபம் பண்ணுவோம். கர்த்தர் அந்த மனுஷனப் பாத்துக்குவார்."

"பாத்துக்குவார். அதக் கேட்டுக்கிட்டேதான் படியேறுனேன். ஆனா டாக்டருக்குத் தெரிஞ்சாத்தானே மருந்து குடுப்பார்? நான் வாயப் பொத்திக்கிட்டு நின்னா, கர்த்தர்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது?"

"பெரிய நீதிபதி மாதிரிப் பேசாதீங்க. என் கையெழுத்தும் அதுல இருக்கு!"

"என்ன நம்பிப் போட்ட. அதையும் சேத்தே சொல்லிடுறேன்."

கதவை ஒரு சாண் திறந்து, உள்ளே கால் வைக்காமல் சொன்னார்: "டாக்டர், முதல் டிரம் வேகல. சீட்டப் பாக்காம அனுப்பிட்டேன். தப்பு என்னோடது."

பஸ் டிரைவருக்கு இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது. காது நன்றாகவே கேட்டது. திரைக்கு அப்பாலிருந்து, "என்னது வேகல?" என்றார்.

டாக்டர் திட்டவில்லை. வேறு டிரம் கேட்டு வாங்கி, தையலைப் பிரித்து, காயத்தைக் கழுவி மறுபடி தைத்தார். ஊசி மருந்து எழுதினார். பத்து நாள் வார்டிலேயே இருக்கட்டும் என்றார். காயம் ஆறுமா, சீழ் பிடிக்குமா என்று அதற்குள் தெரிந்துவிடும்.

கீழே வந்து ஆவியக்கா மஞ்சள் சீட்டை அதற்குரிய இடத்திலேயே ஒட்டினார். பக்கத்தில் சிவப்பு மையில் எழுதினார்: "நிறம் மாறவில்லை. பார்க்கும் முன் கையெழுத்துப் போட்டது நான்." அன்று மாலையே ஏடு விசாரணைக்காக என் அறைக்கு வந்தது. அவரைச் சலவைக்கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கேயே நிரந்தரமாக வைத்துக்கொள்வதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

மறுநாள் காலை வேலைக்கு முன் அவர் வார்டுக்குப் போனார். டிரைவரின் மனைவி வாய்க்கு வந்தபடி பேசினார். டிரைவர் கேட்டது ஒன்றுதான்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்பாம்மா?"

"ஆமாண்ணே."

இயந்திரத்தின் மேல் பழியைப் போடுவார் என்று எதிர்பார்த்திருந்த டிரைவர், போதும் என்று மனைவியைக் கையமர்த்தினார். மூன்றாம் நாள் டிரைவருக்குக் காய்ச்சல் 101.4 என்று வார்டு ஏட்டில் இருக்கிறது. அன்று மதியம் சலவைக்கூடத்தில், நனைந்த போர்வைகளுக்கு நடுவே ஆவியக்கா அழுதுகொண்டிருந்ததை நாத்தனார் பார்த்தார்.

"ஏழு வருஷமா ஒண்ணும் ஆகலையே, அது என் கவனம்னு நெனச்சிருந்தேன்டி. பாக்காமத்தானே போட்டிருக்கேன்? அன்னைக்கெல்லாம் காப்பாத்துனது என் கவனமா? எத்தன தடவ கர்த்தர் கைய நீட்டித் தாங்கினாரோ, எனக்கே தெரியாது."

நாத்தனாருக்கு இன்னும் கோபம் தணியவில்லை. "அப்ப இனிமேயும் அவரே தாங்கட்டும்னு விட்டுட வேண்டியதுதானே?"

"இவ்வளவு தாங்கியிருக்கார்னு தெரிஞ்சதுக்கப்புறம் எப்படிடி பாக்காமப் போடுறது?"

நாத்தனார் போர்வையின் மறுமுனையைப் பிடித்துப் பிழிந்தார்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. ஆவியக்கா பத்து நாளும் ஒரு காலைகூடத் தவறாமல் போய் நின்றார். பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். சீழ் இல்லை, சிவப்பு இல்லை.

"என் வயித்த என் பொண்டாட்டிகூட இவ்வளவு நாள் உத்துப் பாத்ததில்ல" என்றார் டிரைவர்.

"பாக்குற மாதிரியா வச்சிருக்கீங்க?" என்றார் மனைவி. சிரித்தபடியே ஆவியக்காவுக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். அதுவரை அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

அன்றே தலைமை நர்ஸ் அவரைக் கூப்பிட்டு, எச்சரிக்கைக் கடிதத்தையும் புது ஏட்டையும் ஒன்றாகக் கையில் கொடுத்தார். "போய் மெஷினப் பாரு" என்றார். வேலை போய்விடும் என்றே நினைத்திருந்த ஆவியக்கா, "எனக்கா?" என்று இரண்டு தரம் கேட்டாராம்.

அந்தப் புது ஏட்டின் முதல் பக்கத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது. கையெழுத்து கட்டத்துக்குள் இல்லை. தாளில் தொடங்கி, ஒட்டிய சீட்டின் கறுப்புக் கோடுகளின் மேல் ஏறி முடிகிறது. சீட்டு இல்லாமல் அந்தக் கையெழுத்தைப் போடவே முடியாது. ஓய்வு பெறும் வரை அப்படியே போட்டார். அதே அறையில் மற்ற ஷிப்டுகளில் வேலை பார்த்த இருவரும் அவரைப் பார்த்து அப்படியே போடத் தொடங்கினார்கள். உத்தரவு எதுவும் தேவைப்படவில்லை.

தையல் பிரித்த அன்று பிற்பகல் 3.20க்கு அவர் என் அறைக்கு வந்தார்.

"அண்ணே, அந்தப் பழைய ஏட்ட ஒரு நிமிஷம் குடுங்க. ஒரு வரி எழுதணும்."

"விசாரணை முடிஞ்ச ஏடும்மா. அதுல இனி நீங்க தனியா எழுதக் கூடாது."

"நடந்தத எழுதுற ஏடுதானே? என் தப்ப மட்டும் எழுதிட்டு, இத எழுதாம விட்டா அது பாதிதானேண்ணே?"

ஏட்டை எடுத்துக் கொடுத்தேன். சிவப்பு வரியின் கீழே, நீல மையில், தேதியிட்டு எழுதினார்: "காயம் ஆறிவிட்டது. இது என்னால் ஆனதல்ல."

விதிப்படி, பின்னால் சேர்த்த வரிக்குச் சாட்சி வேண்டும். நான் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.