நல்வோகா – இணைக்கலாமா?

இதில் ஒரு சொல்லையும் நான் கூட்டிச் சொல்லவில்லை. லுபோவா என் பக்கத்து வீட்டுக்காரன். அவன் காரில் பலமுறை மசாகாவுக்குப் போய் வந்திருக்கிறேன். அன்று அவனோடு காரில் இருந்தவன் காயெம்பா. காயெம்பாவுக்கு லுபோவாவைக் கண்டாலே ஆகாது. அப்படிப்பட்டவனே என் வீட்டு நாற்காலியில் தலையைக் குனிந்துகொண்டு, ‘ஆமா, நானும் கேட்டேன்’ என்று சொன்ன பிறகு, நம்பமாட்டேன் என்று சொல்ல நான் யார்?

லுபோவாவுக்கு உகாண்டாவின் ம்பிகி ஊரில் வீடு. ஜப்பானிலிருந்து கப்பலேறி வந்த பழைய கார் ஒன்றை வாங்கி, மசாகா ரோட்டில் வாடகைக்கு ஓட்டினான். மனைவி நல்வோகா தையல் வேலை செய்தாள். அவள் சிரித்தால் நாலு வீடு தள்ளியும் கேட்கும். ஒரு நவம்பர் மாதம், தங்கையின் பிரசவத்துக்காக மசாகா போனாள். சில நாள் கழித்து ஒரு மத்தியானம் போன் வந்தது.

“பொண்ணு பொறந்திருக்கு. அப்படியே எங்கம்மா மூக்கு. நான் கெளம்பிட்டேன்.”

“மழை கொட்டுதே. நான் வந்து கூட்டிக்கட்டுமா?”

“வேணாம், வேன்ல ஏறிட்டேன். வாழைக்காய உரிச்சு வைங்க. வந்து வேக வைக்கிறேன்.”

உரித்து வைத்தான்.

அவள் வரவில்லை.

போலீஸ், ஆஸ்பத்திரி, பிணவறை... எல்லாம் ஏறி இறங்கினான். அன்று அந்த ரோட்டில் விபத்து எதுவும் பதிவாகவில்லை. ஒரு மாதம் போனதும் ஊர் வாய் திறந்தது. துபாய்க்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டோடு ஓடிவிட்டாள் என்றார்கள் இவன் பக்கத்தார். அடித்துக் கொன்று புதைத்துவிட்டான் என்றார்கள் அவள் பக்கத்தார். அவள் தம்பிதான் காயெம்பா. நட்டநடுச் சந்தையில் லுபோவாவின் சட்டையைப் பிடித்தான்.

“எங்க அக்காவ எங்கடா புதைச்ச?”

லுபோவாவுக்கும் அந்தக் கேள்விதான் இருந்தது.

உடல் கிடைக்காவிட்டால், அதற்குப் பதிலாக ஒரு வாழைத்தண்டைப் புதைத்துக் காரியம் முடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சொந்தக்காரர்கள் கேட்டுப் பார்த்தார்கள். அவளுடைய அப்பா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். “வாழைத்தண்டையா நான் பெத்தேன்?”

இப்படியே ஒன்றரை வருடம் ஓடியது.

இதற்கிடையில் அவனைத் தினமும் கொன்றது அந்தக் காரின் திரைதான். ஜப்பானில் பொருத்திய பழைய திரை. வழி காட்டும், ஆனால் ஜப்பானுக்குள் மட்டும்தான். உகாண்டாவில் எப்போதும் கார் நடுக்கடலில் நிற்பதாகக் காட்டும். அதை எப்படியோ தட்டித் தட்டி, நல்வோகா தன் போனை அதோடு இணைத்து வைத்திருந்தாள், சர்ச் பாட்டுக் கேட்பதற்காக. அதனால் சாவியைத் திருப்பியதும் ஒரு ஜப்பான்காரி ஏதோ சொல்வாள். பிறகு திரையில் புரியாத எழுத்துக்கள். நடுவே புரிகிற ஒரே பெயர்... நல்வோகா. ஒரு வட்டம் சுற்றிச் சுற்றித் தேடும். கிடைக்காது. அணைந்துவிடும்.

ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் இதே தேடல். இதே ஏமாற்றம்.

சவாரி வருபவர்கள் கிண்டல் செய்வார்கள். “என்ன லுபோவா, இன்னும் கடல்லயே ஓட்டுறியா? பெரிய திரை போடுப்பா. படம் பார்த்துட்டுப் போகலாம்ல?” அவன் சிரித்து மழுப்புவான். ஒருநாள் முன்சீட்டில் ஏறிய ஒரு பெண், “யாருங்க இந்த நல்வோகா? உங்க ஜப்பான் பொண்டாட்டியா?” என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டாள். அன்று மாலையே லுபோவா கம்பாலாவுக்கு வண்டியை விட்டான்.

கார் உதிரிபாகச் சந்தையில் நந்துமே என்ற பெண் திரை மாற்றுவதில் பேர் போனவள். வாய் அதிகம். கை அதைவிட வேகம். அட்டைப்பெட்டியின் முத்திரையை அவன் கண்ணெதிரே கிழித்தாள்.

“பத்து அங்குலம் அண்ணே. ரேடியோ, பாட்டு, படம், பின்னாடி கேமரா, வழி... எல்லாம் இதுலயே. இனிமே உங்க கார் தரையில ஓடும்!”

“பழசுல இருந்தது எதுவும் இதுல வராதே?”

“ஒண்ணும் வராது. பொறந்த கொழந்தை மாதிரி. யாரையும் தெரியாது இதுக்கு.” பழைய திரையைக் கழற்றிக் கையில் எடுத்தாள். “இத என்ன பண்ணட்டும்?”

“நீயே வெச்சுக்க.”

மறுநாள் காலை சாவியைத் திருப்பினான். திரை பளிச்சென்று எரிந்தது. பெயர் இல்லை. தேடல் இல்லை. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தான். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுததை என் ஜன்னலிலிருந்து நான் பார்த்தேன்.

அந்த வாரம் மசாகாவில் ஒரு சவாரியை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தான். ஏப்ரல் மழை. லுக்காயாவைத் தாண்டினால் லுவெரா சதுப்பு. இரண்டு பக்கமும் கோரைப்புல். மணல் அள்ளி அள்ளித் தோண்டிய பள்ளங்களில் குளம் குளமாகத் தண்ணீர். மீன் விற்பவர்கள்கூட மழைக்குப் பயந்து கடையைக் கட்டியிருந்தார்கள். முன்னால் வண்டி இல்லை. பின்னாலும் இல்லை.

டிங்...

திரையில் வரைபடம் மறைந்தது. வெள்ளைக் கட்டம் ஒன்று வந்தது.

‘நல்வோகா – இணைக்கலாமா?’

கீழே ‘ஆம்’. பக்கத்தில் ‘இல்லை’.

கார் ரோட்டை விட்டு விலகியது. திருப்பிப் பிடித்து நிறுத்துவதற்குள் அந்த இடம் தாண்டிவிட்டது. திரையில் மறுபடி வரைபடம்.

வேறு யாரோ ஒரு நல்வோகா, ஏதோ ஒரு வண்டியில்... என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். ஆனால் எந்த வண்டியும் கடந்து போகவில்லையே?

இரண்டு நாள் கழித்து மறுபடி அதே ரோடு. நல்ல வெயில். பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அதே இடம்.

டிங்...

“யாரோ போனை இணைக்கச் சொல்றாங்க பாருங்க” என்றார் வாத்தியார், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி.

அவருக்கும் தெரிகிறது. அப்படியானால் இது தன் மனப்பிரமை இல்லை.

அவரை இறக்கிவிட்டு, லுபோவா நேராகப் போன இடம் காயெம்பாவின் கோழிக்கடை. ஏன் அங்கே போனாய் என்று பிறகு கேட்டேன். “அவளைத் தேடுற ஆளு ஊர்லயே ரெண்டு பேர்தானே” என்றான்.

காயெம்பா கத்தியைக் கீழே வைக்கவில்லை. “புது நாடகமா?”

“ஒருதரம் வா. வந்து பார்த்துட்டு அப்புறம் என்னைக் கொன்னுடு.”

காயெம்பா கத்தியைக் கீழே வைத்தான். கையைக் கழுவிவிட்டு வண்டியில் ஏறினான். சதுப்பை நெருங்கும்போது மேகம் இறங்கிவிட்டது. நாலு மணிக்கே இருட்டு. மழை பிடித்தது. லுபோவா வேகத்தைக் குறைத்தான்.

டிங்...

‘நல்வோகா – இணைக்கலாமா?’

காயெம்பா திரையை நோக்கிக் குனிந்தான்.

லுபோவா காரை ஓரம் கட்டினான். ‘ஆம்’ என்பதைத் தொட்டான்.

வட்டம் சுற்றியது...

சுற்றியது...

‘இணைந்தது.’

ஸ்பீக்கரில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு தண்ணீர்ச் சத்தம். மழை விழும் சத்தம் இல்லை. எங்கோ அடியில், மெதுவாக அசையும் தண்ணீர். தவளைகள். கோரைப்புல்லின் சரசரப்பு.

அப்போது லுபோவாவின் சட்டைப்பையில் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தான். ஒன்றரை வருடமாக வராத பெயர்.

நல்வோகா.

“எடு...” என்றான் காயெம்பா.

“நல்வோகா?”

போனிலும் அதே தண்ணீர். அதே தவளை.

“நல்வோகா! எங்கேம்மா இருக்கே?”

அப்போதுதான் அது நடந்தது. போனுக்குள்ளிருந்து, எங்கோ தூரத்தில், ஒரு ஆண்குரல் மெலிதாகக் கேட்டது.

‘...எங்கேம்மா இருக்கே...’

அவனுடைய குரல்தான். தூரத்திலிருந்து கூப்பிடுகிற ஒருவனுடைய குரல் போல.

அவள் இருக்கும் இடத்தில் அவன் குரல் எப்படிக் கேட்குமோ, அப்படி.

லுபோவா கதவைத் திறந்து மழையில் இறங்கினான். போன் காதில். சேற்றில் கால் வைத்தான். சளக்... போனுக்குள்ளும் ஒரு சளக். தூரத்தில்.

இடப்பக்கம் நடந்தான். போனுக்குள் காலடி தேய்ந்தது.

திரும்பி வலப்பக்கம் நடந்தான்.

சளக்... சளக்...

காலடி நெருங்கியது.

யாரோ கிட்டே வருவது போல. வருவது அவன்தான்.

“நல்வோகா!”

‘நல்வோகா!’

கிட்டே.

“வந்துட்டேன்மா...”

‘வந்துட்டேன்மா...’

இன்னும் கிட்டே.

கோரையை விலக்கினான். கரிய தண்ணீர். மணல் அள்ளிய பள்ளம். அதன் விளிம்பில் நின்று மறுபடி கூப்பிட்டான். இந்த முறை வாயில் ஒன்று, காதில் ஒன்று என்று இரண்டு குரல் கேட்கவில்லை. ஒரே குரல்.

போன் அணைந்தது.

பின்னாலேயே ஓடி வந்த காயெம்பா தண்ணீரைப் பார்த்தான். அவனைப் பார்த்தான். சேற்றில் அப்படியே உட்கார்ந்து, “அக்கா...” என்றான். மீன்காரர்கள் அந்தச் சத்தம் கேட்டு வந்தபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்களாம்.

மறுநாள் போலீஸ் வந்து தண்ணீரை இறைத்தது. அடியில் ஒரு மோட்டார் சைக்கிள். இரண்டு உடல்கள். விசாரித்ததில், அவள் ஏறிய வேன் லுக்காயாவில் பழுதாகி நின்றிருக்கிறது. வேறு வண்டி இல்லை. வாடகை மோட்டார் சைக்கிள் ஒன்றில் ஏறியிருக்கிறாள். கண் தெரியாத மழையில் ரோடு எது, பள்ளம் எது என்று தெரியவில்லை போலும். ஓட்டியவன் எல்லைக்கு அப்பாலிருந்து பிழைக்க வந்தவன். அவனைத் தேட ஆளில்லை. அதனால் அவன் காணாமல் போனதையும் அவள் காணாமல் போனதையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அவள் யாரோடும் ஓடவில்லை. யாரும் அவளைக் கொல்லவில்லை. வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். அவ்வளவுதான்.

கைப்பையில் போன் இருந்தது. உப்பி, பிளந்து, சேறு அடைத்து. தண்ணீரில் விழுந்த அன்றே செத்திருக்கும் என்றார் போலீஸ்காரர். லுபோவாவின் போனில் அந்த அழைப்பு வந்ததற்கான தடயமும் இல்லை. அதைக் காயெம்பாவே பலமுறை தேடிப் பார்த்தான்.

லுபோவாவின் குடும்ப நிலத்தில் அவளை அடக்கம் செய்தார்கள். நானும் மண் போட்டேன். அவளுடைய அப்பா மருமகனின் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. “மாப்பிள்ளை, எம்புள்ளய எங்கிட்டக் குடுத்துட்டீங்க” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். காயெம்பா எங்கள் வழக்கப்படி மரப்பட்டைத் துணியை விரித்து அக்காவின் மேல் போர்த்தினான். பிறகு லுபோவாவிடம் வந்து, “மச்சான்...” என்றான்.

எல்லாம் முடிந்த பிறகு லுபோவா நந்துமேயின் கடைக்குப் போனான். நானும் கூடப் போனேன். அவன் மனதை ஒரு கேள்வி அரித்துக்கொண்டிருந்தது. ஒன்றரை வருடம் அந்த இடத்தைத் தாண்டித் தாண்டித்தானே போனான்? பழைய திரைக்கு அவளைத் தெரியுமே. அது ஏன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை?

நடந்ததை முழுக்கக் கேட்ட நந்துமே அன்று வாயாடவில்லை.

“அது பழைய செட் அண்ணே. சாவியத் திருப்புற நேரம் மட்டுந்தான் தேடும். கெடைக்கலன்னா விட்டுடும். ஓடுறப்போ தேடாது. புதுசு அப்படியில்ல, எப்பவும் காது குடுத்துட்டே இருக்கும்.”

“அப்போ... வீட்டு வாசல்லதான் தேடியிருக்கு.”

“ஆமாண்ணே.”

“அவ பக்கத்துல போறப்ப எல்லாம்...”

லுபோவா முகத்தை மூடிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. சந்தைச் சத்தத்தில் அழுகை கேட்கவில்லை.

பிறகு நந்துமேதான் தயங்கித் தயங்கிப் பேசினாள். அவள் கேட்டது அவனிடம் இல்லை, என்னிடம்.

“இந்த செட்டுக்கு அந்த போனை முன்னபின்ன தெரியாது. தெரியாத ரெண்டு சேரணும்னா, ரெண்டு பக்கமும் ‘ஆம்’ அழுத்தணும். ஒரு பக்கம் மட்டும் அழுத்தினா சேராது. எத்தனை வண்டிக்கு போட்டிருக்கேன், ஒருதரம்கூட அப்படிச் சேந்ததில்ல.”

கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

“இந்தப் பக்கம் அண்ணன் அழுத்தினாரு. சரி... அந்தப் பக்கம் யாருங்க அழுத்தினது?”