எக்கோ பெடலில் எரிந்த விளக்கு

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வராமல் இருந்திருந்தால் லிஃப்ட்காரர் கடைசிவரைக்கும் நிம்மதியாக ஏமாந்துகொண்டே இருந்திருப்பார். நிம்மதியாக ஏமாறுவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும். மனுஷனுக்கு அதுகூட வாய்க்கவில்லை.

லிஃப்ட்காரர் என்றால் ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். லிஃப்ட் பாதியில் நின்றுபோனால் ஓடிவந்து சரிசெய்கிற மெக்கானிக் அவர். இருட்டுக் குழிக்குள் இறங்கி, கம்பிவடத்தைத் தடவிப் பார்த்து, உச்சி மாடியில் மோட்டார் போடுகிற இரைச்சலுக்கு நடுவே பாதி வாழ்க்கையை ஓட்டியவர். "அண்ணன் குழிக்குள்ள இருந்து ஸ்பேனர் கேட்டா மொட்டைமாடியில இருக்கிறவன் எடுத்துட்டு வருவான், போன் எதுக்கு நமக்கு?" என்று கூட வேலை பார்ப்பவர்கள் கிண்டல் செய்வார்கள். அதில் அவருக்குப் பெருமை வேறு.

மீதிப் பாதி வாழ்க்கை கிட்டார். மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார். விருந்து, கடைத் திறப்பு, ஆண்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவார்கள். கல்யாணமே அந்த வழியில் வந்ததுதான். ஒத்திகைக்குப் போன வீட்டில் காபி கொண்டுவந்து வைத்தவளைக் கட்டிக்கொண்டார்.

வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஒவ்வொரு பெடலாகச் சேர்த்தார். காலால் மிதிக்கிற இரும்பு டப்பாக்கள். ஒன்றை மிதித்தால் கிட்டார் கரகரக்கும், ஒன்றை மிதித்தால் அலை அலையாக ஆடும். எக்கோ பெடலை மிதித்தால் ஒரு தடவை வாசித்தது போய்ப் போய்த் திரும்பிவரும். அதிலிருக்கும் குமிழ்களை மயிரிழை நகர்த்தினாலும் சத்தம் மாறிவிடும். மற்ற கிட்டார்காரர்கள் அடையாளத்துக்குக் குமிழ் பக்கத்தில் புள்ளி வைத்துக்கொள்வார்கள். இவர் வைக்கமாட்டார். "காது இருக்கும்போது புள்ளி எதுக்கு?" என்பார். "எங்க மாப்ளையோட சத்தம் வேற எவனுக்கும் வராது" என்று மச்சான் மேடையிலேயே மைக்கில் சொல்வார்.

சில வருஷத்துக்கு முன்னால் அதே மச்சான் கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

"போதும் மாப்ள. இப்பல்லாம் நம்மள யாரு கூப்பிடுறா? ஒருத்தன் ஒரு கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்து மொத்த நிகழ்ச்சியையும் முடிச்சிடுறான். மானத்தோட கலைச்சிடுவோம்."

சொல்லிவிட்டு அழுதார். இவரும் அழுதார். முதுகைத் தட்டி ஆறுதல் சொன்னது இவர்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே வயிறு எரிகிறது.

கிட்டாரைப் பார்க்கப் பிடிக்காமல் தெரிந்தவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். பெடல்களைக் கொடுக்க மனம் வரவில்லை. பேட்டரியை உள்ளேயே விட்டால் கசிந்து பாழாக்கிவிடும் என்று ஒவ்வொன்றாகக் கழற்றினார். வயர்களைப் பிடுங்கிச் சுருட்டினார். குமிழ்களை மட்டும் தொடாமல், கடைசியாக வாசித்த அன்றைக்கு இருந்தபடியே பழைய துண்டில் சுற்றி, பெட்டியில் வைத்து, பீரோ மேல் ஏற்றினார். வேறொரு கிட்டார் வாங்கி வாசியுங்களேன் என்று யாராவது கேட்டால், "எல்லாரும் சேர்ந்து மூடினது. நான் மட்டும் திறக்கிறது நல்லாயிருக்காது" என்பார். 'மச்சானும் பாடவில்லை, நானும் வாசிக்கவில்லை.' அந்த ஓர் ஆறுதலில்தான் மனுஷன் இத்தனை நாளும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பெயிண்டர் வந்த அன்று மனைவி காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். "பீரோ மேல இருக்கிறதை நான் எடுக்கறேன். நீங்க தொடாதீங்க, தூசி உங்களுக்கு ஆகாது." பெயிண்டர் வெளிக்கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவள் சமையலறையில் பாத்திரங்களுக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தாள். பாவம், தனியாகத் தூக்குவாளே என்று இவர் ஸ்டூலைப் போட்டு ஏறினார்.

பீரோ மேல் விரல் வைத்தால் தடம் விழுகிற அளவுக்குத் தூசி. பெட்டி மட்டும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

இறக்கித் திறந்தார். எக்கோ பெடலில் வயர் செருகியபடி இருந்தது. 'எந்த மடையன் இப்படிச் செருகிவிட்டுப் போனான்?' என்றுதான் முதலில் தோன்றியது. கையால் மிதியை அமுக்கினார். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது.

பேட்டரியை அவர் கையால்தான் கழற்றியிருந்தார். தவிர, அந்தப் பெடல் பேட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும். வயரைச் செருகியபடி மறந்துபோனால் மறுநாளே செத்துவிடும். விளக்கு இவ்வளவு வெளிச்சமாக எரிகிறது என்றால் நேற்று ராத்திரி இந்தப் பெடல் எங்கேயோ வாசித்துவிட்டு வந்திருக்கிறது. நேற்று அவருக்கு இரவு ஷிஃப்ட்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு குமிழ் பக்கத்திலும் கடுகளவில் ஒரு புள்ளி. அரக்குச் சிவப்பு. அவர் ஆயுசில் புள்ளி வைத்தவர் இல்லையே!

"நான்தான் எடுக்கறேன்னு சொன்னேன்ல?" என்றபடி மனைவி வந்து நின்றாள். கதவைப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தார். நகமெல்லாம் அதே அரக்குச் சிவப்பு.

"உங்கண்ணன் குழுவைக் கலைக்கவே இல்லையா?"

அவள் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அதுவே பதிலாகிவிட்டது.

"யாரு வாசிக்கிறா?"

"புதுசா ஒருத்தரு. உங்களுக்கு நைட் ஷிஃப்ட் இருக்கிற அன்னிக்கு அண்ணன் வந்து எடுத்துட்டுப் போகும், விடியறதுக்குள்ள கொண்டாந்துடும். உங்க சத்தம் வேற எந்தப் பெட்டியிலயும் வரலையாம்."

"புள்ளி?"

"அந்த ஆளு திருப்பிடுவாரு. மறுபடியும் நீங்க வெச்ச மாதிரியே வெச்சாத்தானே உங்களுக்குத் தெரியாது..."

மச்சான் செய்தது சுத்தமான துரோகம். இனி அந்த மூஞ்சியில் விழிக்காமல் இருந்தால் போயிற்று. இவளை என்ன செய்வது? பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சை அடக்கி, கை நடுங்காமல் ஒவ்வொரு புள்ளியாக வைத்திருக்கிறாள். புருஷனை ஏமாற்ற எவ்வளவு பொறுமை! 

"என்னை மட்டும் எதுக்குக் கழட்டிவிட்டாங்க?"

"உங்க காது போயிடுச்சுங்க." அவள் அழ ஆரம்பித்தாள். "அந்த மோட்டார் இரைச்சல்லயே கெட்டுப்போச்சு. நீங்க வாசிச்சா பாடுறவங்க குரலே கேக்காது. சுருதி விலகினாலும் உங்களுக்குத் தெரியல. மூஞ்சிக்கு நேரா சொல்ல அண்ணனுக்கு மனசு வரல."

"ஏமாத்த மனசு வந்துச்சாக்கும்! என் காதுக்கு ஒரு கேடும் இல்ல."

அவளுடைய அலங்கார மேசையிலிருந்து நகப்பூச்சு அழிக்கிற புட்டியை எடுத்துவந்தார். பஞ்சில் நனைத்து ஒவ்வொரு புள்ளியாகத் துடைத்தார். துடைத்த கையோடு குமிழ்களை எல்லாம் கண்டபடி திருகிவிட்டார்.

"ஐயையோ, நாளைக்கு நிகழ்ச்சி இருக்குங்க! அண்ணன் என்ன பண்ணும்?"

வாய் தவறி வந்துவிட்டது. வந்த பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் யார் பக்கம் என்று அவர் இனிக் கேட்க வேண்டியதில்லை.

ஆத்திரத்தை எல்லாம் விழுங்கிக்கொண்டார். வெளியாள் வேலை செய்கிற வீடு, மானம் போகக்கூடாது. அவள் காதுக்கு மட்டும் எட்டுகிற மாதிரி, தணிந்த குரலில் சொன்னார்: "நான் காதால கண்டுபிடிச்ச சத்தம். உங்கண்ணனும் காதால கண்டுபிடிக்கட்டும். பொட்டியை எடுத்துட்டுப் போகச் சொல்லு."

வாசலில் சுரண்டுகிற சத்தம் நின்றது. பெயிண்டர் அரக்கப் பரக்க உள்ளே ஓடிவந்தார்.

"என்ன சார், என்னையா கூப்பிட்டீங்க?"

லிஃப்ட்காரர் அவரைப் பார்த்தார். பிறகு மனைவியின் பக்கம் திரும்பினார்.

"நான் மெதுவாத்தானே பேசினேன்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆமாங்க," என்றாள். "மெதுவாத்தான் பேசினீங்க."