டேங்கில் இருந்த பெட்ரோல்

போன வாரம் ஒரு தப்பு செய்தேன். தொழிலுக்கு வந்து இருபத்தெட்டு வருஷம் ஆனவன் செய்யக் கூடாத தப்பு.

மரம் அறுப்பது என் பிழைப்பு. பழைய செயின்சா சேர்ப்பது என் கிறுக்கு. இது உங்களுக்குத் தெரிந்ததுதான். பெங்களூர் நீலசந்திராவில் என் ரூமில் நான் படுக்கிற இடம் போக, மீதி இடத்தில் ஒன்பது மெஷின் இருக்கிறது. அதனாலேயே பழைய மெஷினுக்கு விலை சொல்ல என்னைக் கூப்பிடுகிறார்கள்.

இந்த முறை கூப்பிட்டவர் ஈஜிபுரா முனுசாமி அண்ணன். அறுபது தாண்டியவர். அவருடைய அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கினார். இவர் பெங்களூருக்கு வந்து மரத்தில் ஏறினார். கரண்ட் கம்பிக்கும் வீட்டுக்கும் நடுவே சாய்ந்து நிற்கிற மரமா? முனுசாமியைக் கூப்பிடு என்பார்கள். நான் தள்ளி நின்று பார்த்திருக்கிறேன். சொன்ன இடத்தில் விழும்.

இப்போது அவர் கை வேலைக்கு ஆகாது. பழைய மெஷினில் அதிர்வைத் தாங்க ரப்பர் கிடையாது. இருபது வருஷத்து அதிர்வும் நேராக விரலில் இறங்கியது. விரல் வெளுத்தது. பிறகு மரத்தது. ஆறு வருஷமாக அவர் மெஷின் பிடிக்கவில்லை. டீ டம்ளரையே இரண்டு கையால்தான் பிடிக்கிறார்.

வீடு மூன்றாவது மாடி. படி ஏணி மாதிரி இருக்கும். கம்பியைப் பிடித்தாலும் பிடித்தது அவருக்குத் தெரியாது. இரண்டு தடவை விழுந்துவிட்டார். அதே தெருவில் கீழ் வீடு ஒன்று காலி. அட்வான்ஸில் இருபதாயிரம் குறைகிறது. ஞாயிறு வரை பொறுக்கிறேன் என்று ஓனர் சொல்லியிருக்கிறார். பெங்களூரில் அட்வான்ஸ் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

அதனால் மெஷினை விற்கிறார்.

வாங்குகிறவர் ஒரு எஸ்டேட்காரர். சக்லேஷ்பூர் பக்கம் காபித் தோட்டம், சர்ஜாபுரா ரோட்டில் வீடு. முப்பது செயின்சா வைத்திருக்கிறார். நல்ல மனுஷன். “நீ போய்ப் பார். நீ சொல்வதுதான் விலை” என்று என்னிடம் விட்டுவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் போனேன். அண்ணனின் சம்சாரம் தனம் அண்ணி கட்டிலுக்கு அடியிலிருந்து மெஷினை இழுத்து, சுற்றியிருந்த லுங்கியைப் பிரித்தார்.

பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

ஜெர்மன் மெஷின். பதினோரு கிலோ. கம்பெனி பெயின்ட் அப்படியே இருக்கிறது. ஒரு ஸ்க்ரூகூட மாறவில்லை. கைப்பிடியில் மட்டும் பெயின்ட் போய் உள்ளே இருக்கிற உலோகம் பளபளத்தது... அண்ணன் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த இடம். மேல் மூடியில் ஒரு குங்குமப் பொட்டு. இப்படி ஒன்றைத் தேடி நான் எத்தனை குடோன் ஏறி இறங்கியிருப்பேன்?

இந்த வியாபாரத்தில் கணக்கு சுலபம். புது பெயின்ட் அடித்திருந்தால் விலை பாதி. ஓடினால் விலை மூன்று மடங்கு. ஓடாத மெஷின் ஷோகேஸ் பொம்மை.

பெட்ரோல் கூடுதலாக இறங்க சோக்கை முழுக்க இழுத்துவிட்டு, ஸ்டார்ட் கயிற்றை இழுத்தேன். பத்து தடவை. பதினைந்து தடவை. ஒன்றுமில்லை. பெட்ரோல் வாடைதான் வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில் கிடந்தது.

“ஓடாதுண்ணா. ஆறு வருஷம் சும்மா கெடந்த மெஷின். எட்டாயிரம் வரும்.”

“சரி” என்றார். அவ்வளவுதான்.

நான் எஸ்டேட்காரருக்கு போன் போட செல்லை எடுத்தேன்.

“தம்பி, ஸ்வல்ப இரு” என்றார் அண்ணி. “காபி குடி. அதுக்குள்ள அது காயட்டும். பெட்ரோல்ல நல்லா முழுவாட்டிட்ட.”

“இன்னா அண்ணி சொல்றீங்க?”

“சோக்கை எவன் இழுக்கச் சொன்னான்? அதுக்கு சோக்கே புடிக்காது.”

கரண்டி ஸ்டாண்டிலிருந்து பிளக் ஸ்பேனரை எடுத்தார். ஆமாம், கரண்டி ஸ்டாண்டிலிருந்துதான். பிளக்கைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மாட்டினார். பதினோரு கிலோவை இடுப்பில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார். நான் அண்ணனைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

மெஷினைத் தரையில் வைத்து, பின் கைப்பிடிக்குள் காலை விட்டு மிதித்தார். கயிற்றை இரண்டு தடவை மெதுவாக இழுத்தார் — கிணற்றில் தண்ணீர் சேந்துகிற மாதிரி. மூன்றாவது தடவை ஒரே இழுப்பு.

பிடித்தது.

மாடியில் இருந்த புறா எல்லாம் பறந்தது. பக்கத்து மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்துக் கத்தினார்.

“இன்னாடி தனம், அமாவாசை அடுத்த வாரம்தானே?”

எனக்கு அப்போதுதான் புரிந்தது.

ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்து, பொரி போட்டு, பூசணிக்காய் உடைத்து, ஒரு தடவை ஓட்டி நிறுத்துவது எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வது. கை மரத்துப்போன அந்த வருஷம் அண்ணனால் கயிற்றை இழுக்க முடியவில்லை. பொட்டு வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார் என்று அண்ணி பிறகு சொன்னார். அண்ணி இழுத்திருக்கிறார். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, நாற்பது இழுப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை போதாது, உள்ளே பிடித்துக்கொள்ளும் என்று அண்ணன் சொன்னதால் அமாவாசைக்கு அமாவாசை. ஆறு வருஷமாக.

நான் போன் போட்டு, செல்லை மெஷின் பக்கம் நீட்டினேன். எஸ்டேட்காரர் முழுசாக ஒரு நிமிஷம் கேட்டார். பிறகு கன்னடத்தில், “யாரு ஸ்டார்ட் மாடித்து?” என்றார். யார் ஸ்டார்ட் செய்தது என்று கேட்கிறார். சொன்னேன்.

“ஓடற விலை. இருபத்துநாலு. நாளைக்கே” என்றார்.

நிறுத்துவதற்கு முன்னால் அண்ணன் குனிந்து, ஓடுகிற மெஷின் மேல் உள்ளங்கையை வைத்தார்.

“தெரியுதா?” என்று அண்ணி கேட்டார்.

“தெரியல. சத்தம் சரியா கீது. பெட்ரோல்ல ஆயில் மட்டும் கொஞ்சம் கம்மி.”

“போன தடவ நீதான அளந்து சொன்ன” என்றார் அண்ணி. நிறுத்தினார்.

கீழே வந்ததும் கேட்டேன். “ஏண்ணா ஓடும்னு சொல்லல? எட்டாயிரத்துக்குச் சரின்னுட்டீங்களே.”

“நீ எங்க கேட்ட? என் கையப் பாத்த, மெஷினுக்கு வெல சொன்ன. சரி, நீ இன்னா புரிஞ்சுக்குறன்னு பாத்துகினு இருந்தேன்.”

ஆறு வருஷம் கிடந்த மெஷினில் பெட்ரோல் வாடை எங்கிருந்து வரும்? மூக்குக்குத் தெரிந்தது. புத்திக்குத் தெரியவில்லை. குங்குமம்கூட இன்னும் மங்காத சிவப்பு.

பொருளுக்கு விலை சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, வைத்திருக்கிற ஆளுக்கு விலை சொல்கிறோம். மெஷினில் மட்டுமா இப்படி?

திங்கட்கிழமை கீழ் வீட்டில் பால் காய்ச்சினார்கள். ஒரே ஒரு படி. அண்ணன் கம்பி பிடிக்காமல் ஏறினார்.

வரும் ஆயுத பூஜைக்கு எஸ்டேட்காரர் கார் அனுப்புகிறாராம். முப்பது மெஷினையும் ஸ்டார்ட் செய்ய அண்ணி வர வேண்டுமாம்.

என்னைக் கூப்பிடவில்லை.